ஊமத்தையில் பிறந்த மயக்க மருந்து: 1804-ல் மார்பகப் புற்றை வலியில்லாமல் அறுத்த ஜப்பான் வைத்தியர் ஹனவோகா செய்ஷூ

1804-ம் ஆண்டு. ஜப்பானின் கீ மாகாணத்தில் ஹிராயாமா என்றொரு கிராமம். அங்கிருந்த ஒரு வைத்தியர் வீட்டுக்கு 60 வயதுப் பெண் ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் கான். ஊர், பக்கத்து யமாதோ மாகாணத்தின் கோஜோ. இடது மார்பில் கல் மாதிரி ஒரு கட்டி.

கானுக்கு இந்த நோய் புதுசு இல்லை. அவருடைய சகோதரிகள் மார்பகப் புற்றில் போனவர்கள். கட்டி எப்படி வளரும், எப்படி உடையும், கடைசி நாட்கள் எப்படி இருக்கும் என்பதையெல்லாம் வீட்டிலேயே பார்த்தவர். அதனால்தானோ என்னவோ, அதுவரை யாரும் செய்துகொள்ளத் துணியாத ஒரு காரியத்துக்கு அவர் சரி என்று தலையசைத்தார். ஒரு கஷாயத்தைக் குடித்துவிட்டு, நினைவே இல்லாமல் படுத்திருக்க, வைத்தியர் மார்பைக் கீறிக் கட்டியை வெளியே எடுப்பார். அதுதான் திட்டம்.

வைத்தியரின் பெயர் ஹனவோகா செய்ஷூ. வயது 44. அந்தக் கஷாயத்துக்காக அவர் ஏறக்குறைய 20 ஆண்டுகளைச் செலவழித்திருந்தார். அதற்கு அவருடைய வீட்டுப் பெண்கள் கொடுத்த விலை தனிக்கதை. அதற்கும் வருவோம்.

ஈதரை முகரவைத்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் நடத்திக்காட்டிய புகழ்பெற்ற மயக்க மருந்துச் செயல்விளக்கம் 1846-ல்தான் நடந்தது. ஹனவோகா அதற்கு 42 ஆண்டு முந்தி. முழு மயக்கத்தில் செய்யப்பட்டு, நாள் கிழமையோடு குறிப்பும் எழுதி வைக்கப்பட்ட அறுவை சிகிச்சைகளில் உலகிலேயே மிகப் பழையது கானுடையது என்று மருத்துவ வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்கிறார்கள்.

பாறை என்று பெயர் வைத்த நோய்

மார்பகப் புற்றுக்கு அன்றைய சீன, ஜப்பானிய மருத்துவ நூல்கள் வைத்த பெயர், மார்பில் வந்த பாறை. தொட்டால் பாறை மாதிரி கெட்டி, உடைந்தால் குகை மாதிரி குழி. இன்றும் ஜப்பானிய மொழியில் புற்றுநோய்க்கு வழங்கும் கான் என்ற சொல், பாறையைக் குறிக்கும் சொல்லின் அதே ஒலிதான். (நம் நோயாளியின் பெயரும் கான் என்பது வெறும் தற்செயல்.)

14-ம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் ஜூ தன்ஷி இந்த நோயைப் பற்றி எழுதியது இன்று படித்தாலும் கொஞ்சம் திடுக்கிட வைக்கும். கணவனோடும் மாமியார் வீட்டோடும் ஒத்துப்போகாத பெண், துக்கத்தையும் கோபத்தையும் நாள்கணக்கில் உள்ளேயே அடக்கி வைத்தால் மார்பில் ஒரு முடிச்சு விழும் என்பது அவர் கணிப்பு. அதில் வலி இருக்காது, அரிப்பு இருக்காது. பத்து ஆண்டுக்கு மேல் கழித்து அது உடைந்து புண்ணாகும். அதன்பிறகு காப்பாற்ற முடியாது. நோயின் போக்கை அவர் கவனித்த விதம் துல்லியம். காரணம் என்று சொன்னதுதான் சிக்கல். மனசைச் சரியா வெச்சுக்கல, அதான் வந்துடுச்சு என்று நோயாளியையே குற்றவாளி ஆக்கும் பேச்சு எவ்வளவு பழசு பாருங்கள்.

காரணம் அதுதான் என்று நம்பியதால் மருந்தும் அதற்கேற்ற மாதிரிதான் இருந்தது. கல்லீரலில் தேங்கிய சக்தியை ஓடவிடும் மூலிகைக் கஷாயங்கள், கட்டியைக் கரைப்பதாகச் சொல்லப்பட்ட பற்றுகள், களிம்புகள். கத்தி என்ற பேச்சே இல்லை. ஜப்பானில் கூடுதலாக இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. பெண்ணின் உயிர்நிலையே மார்பில்தான் இருக்கிறது, அதில் கத்தி பட்டால் உயிர் போய்விடும் என்று நினைத்தார்கள். மார்பில் கட்டி வந்த பெண்ணுக்கு வைத்தியர் சொல்ல எதுவுமே இல்லாத நிலை.

1764-ல் வெளிவந்த ஒரு நூலில் நாகதோமி தோகுஷோவான் என்ற மருத்துவர், மேற்கத்தியர்கள் மார்பகப் புற்றை அறுத்தே எடுக்கிறார்களாம், பின்னால் வருகிறவர்கள் யாராவது முயன்று பார்க்கட்டும் என்ற பொருளில் ஒரு குறிப்பை எழுதிவிட்டுப் போனார். அப்போது ஹனவோகா நாலு வயசுக் குழந்தை.

கிராமத்து வைத்தியர் மகன்

ஹனவோகா பிறந்தது 1760-ல், இன்றைய வகாயாமா மாநிலத்தின் கினோகாவா நகர எல்லைக்குள் வரும் ஹிராயாமாவில். அப்பா நாவோமிச்சி கிராமத்து வைத்தியர். அம்மா ஒட்சுகி. குடும்பம் பெரிது, வசதி குறைவு. மூத்த மகனை எப்படியாவது பெரிய வைத்தியராக்கிவிட வேண்டும் என்று வீடே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவரை 1782-ல் கியோட்டோவுக்கு அனுப்பியது.

அங்கே அவர் இரண்டு விதமான படிப்பைப் படித்தார். யோஷிமாசு நாங்காய் என்ற ஆசிரியரிடம் சீனப் பழநூல்களை அடிப்படையாகக் கொண்ட உள்மருத்துவம், அதாவது கஷாயம், சூரணம், நாடி, வயிற்றை அமுக்கிப் பார்த்து நோய் கணிப்பது எல்லாம். யமாதோ கென்ரியூவிடம் அறுவை மருத்துவம். இந்த இரண்டாவது ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்கு. 17-ம் நூற்றாண்டின் நடுவில் டச்சு வணிகக் கம்பெனியோடு வந்த காஸ்பர் ஷாம்பெர்கர் என்ற ஜெர்மன் அறுவை வைத்தியர் விட்டுச்சென்ற வழிமுறை. அன்றைய ஜப்பான் வெளிநாட்டாருக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்தது. நாகசாகியில் டச்சுக்காரர்களுக்கென்று ஒதுக்கிய குட்டித் தீவு வழியாகத்தான் ஐரோப்பிய அறிவு கசிந்து உள்ளே வந்தது.

உள்மருத்துவக்காரர்கள் கத்தியைத் தொடமாட்டார்கள். அறுவை வைத்தியர்களுக்கு உள்மருத்துவம் அவ்வளவாகத் தெரியாது. இரண்டும் ஒரே உடம்பைப் பற்றியதுதானே, எதற்குப் பிரிவினை என்று கேட்டவர் ஹனவோகா. பிற்காலத்தில் அவர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததன் மையமே இதுதான். உள்ளும் புறமும் ஒன்று. நூலில் எழுதியிருப்பதைவிட கண்முன் இருக்கும் உயிருள்ள உடம்பைக் கவனி.

1785-ல் ஊர் திரும்பினார். அதே ஆண்டில் அப்பா இறந்துபோக, வீட்டு வைத்தியசாலை அவர் தலையில் விழுந்தது.

ஹுவா துவோவின் தொலைந்துபோன மருந்து

ஹனவோகாவின் மனதில் ஒரு சீனப் பெயர் ஓடிக்கொண்டே இருந்தது. ஹுவா துவோ. கி.பி. 2-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த மருத்துவர். நோயாளிக்கு மதுவோடு ஒரு தூளைக் கொடுத்து மயக்கம் வரவழைத்து, வயிற்றைக் கீறி நோயை நீக்கித் தைத்தார் என்று சீன வரலாற்று நூல்கள் சொல்கின்றன. தூளின் பெயர் மாஃபெய்சான். அதில் என்ன சேர்த்தார் என்பது யாருக்கும் தெரியாது. ஏன் என்றால், ஹுவா துவோ அன்றைய ஆட்சியாளர் சாவோ சாவோவின் கோபத்துக்கு ஆளாகி மரண தண்டனை பெற்றார். சாவதற்கு முன் தன் நூலைச் சிறைக் காவலரிடம் நீட்டினார். காவலர் பயந்து வாங்க மறுத்தார். ஹுவா துவோ அதைத் தீயில் போட்டுவிட்டார். கதை இப்படித்தான் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

தொலைந்த அந்த மருந்தை மறுபடி செய்வதுதான் ஹனவோகாவின் லட்சியம். ஆனால் சூன்யத்திலிருந்து தொடங்கவில்லை. சீனாவில் லீ ஷிசென் தொகுத்து 1596-ல் அச்சான மாபெரும் மூலிகை நூலிலேயே, கட்டிகளைக் கீறும்போது வலி தெரியாமல் இருக்க ஊமத்தைப் பூவைப் பயன்படுத்தலாம் என்ற குறிப்பு உண்டு. ஜப்பானில் எலும்பு முறிவுக்கு வைத்தியம் பார்த்தவர்களும் இதுபோன்ற கலவைகளைக் கைவசம் வைத்திருந்தார்கள். ஹனவோகாவோடு பழகிய நாகாகவா ஷூதேய் என்பவர் 1796-ல் இந்த மயக்க மருந்துகளைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். எலும்பு வைத்தியர்களின் கலவையில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று பார்த்துப் பார்த்து மாற்றியதுதான் ஹனவோகாவின் உண்மையான வேலை. தனியொரு மேதை, திடீர் ஞானம் என்ற கதையைவிட இது சுவாரசியமானது.

கடைசியில் நிலைத்த கலவையில் முதலிடம் ஊமத்தைக்கு. ஆமாம், நம்மூர் வேலியோரத்தில் முளைக்கும், சிவனுக்குச் சூட்டும் அதே ஊமத்தை இனம்தான். சீனர்களும் ஜப்பானியர்களும் அதற்கு வைத்த பெயரே மந்தார என்ற சமஸ்கிருதச் சொல்லின் மருவல். ஊமத்தை எட்டுப் பங்கு என்றால், வசநாபி இனத்துக் கிழங்கு இரண்டு பங்கு. கூடவே ஏஞ்சலிகா இன வேர்கள் இரண்டு வகை, செங்க்யூ என்ற கிழங்கு, சேனைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டுக்கிழங்கு. எல்லாம் சீன மருத்துவப் பெட்டியில் வழக்கமாக இருப்பவை. தூளாக்கி, கொதிக்கவைத்து, வடிகட்டி, சூடாகக் குடிக்கக் கொடுப்பார்கள். மருந்தின் பெயர் சூசென்சான். மாஃபுட்சுசான் என்றும் சொல்வார்கள்.

இன்றைய வேதியியல் கண்ணோடு பார்த்தால் விஷயம் புரியும். ஊமத்தையில் ஸ்கோபோலமைன், அட்ரோபின் போன்ற ஆல்கலாய்டுகள் உண்டு. மூளையை மந்தமாக்கும், நினைவைத் துண்டிக்கும், வாயை வறளவைக்கும், கண்மணியை விரியவைக்கும். வசநாபியில் இருக்கும் அகோனிட்டின் நரம்பை மரத்துப்போகச் செய்யும். அளவு கொஞ்சம் கூடினால் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி ஆளையே கொன்றுவிடும். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு மயிரிழை. அதிலும் செடி என்றால் எந்த நிலத்தில் வளர்ந்தது, எந்த மாதத்தில் பறித்தது என்பதைப் பொறுத்து வீரியம் மாறும். இந்த மாத்திரையில் இத்தனை மில்லிகிராம் என்று அட்டையில் அச்சடித்துத் தரும் காலம் இல்லை அது.

அளவைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கொடுத்துப் பார்ப்பது. முதலில் நாய், பூனை. பிறகு?

அம்மாவும் மனைவியும்

இந்த இடத்தில்தான் ஹனவோகாவின் கதை வெறும் சாதனைக் கதையாக இல்லாமல் போகிறது.

மனிதர்மேல் சோதிக்க வேண்டிய கட்டம் வந்தபோது, அம்மா ஒட்சுகியும் மனைவி காயேவும் தாங்களே முன்வந்தார்கள் என்பது குடும்ப வழியாக வந்த செய்தி. ஒருமுறை இல்லை, பலமுறை குடித்தார்கள். அம்மா இறந்துபோனார். காயே பார்வையை இழந்தார்.

அம்மாவின் மரணத்துக்கு மருந்துதான் நேரடிக் காரணமா, முதுமையும் சேர்ந்ததா என்பதில் விவாதம் உண்டு. காயேவின் கண் விஷயத்தில், ஊமத்தையின் ஆல்கலாய்டுகள் கண்மணியை விரித்து, சிலருக்குக் கண்ணழுத்தத்தைச் சட்டென ஏற்றிவிடக்கூடியவை என்பதை இன்றைய கண் மருத்துவம் அறியும். திடீர் கிளாக்கோமா. இன்றைக்கு வந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடலாம். அன்று அது நிரந்தர இருட்டு.

தாங்களே முன்வந்தார்கள் என்ற வார்த்தையையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கத்தான் வேண்டும். 18-ம் நூற்றாண்டு ஜப்பானில், மூத்த மகனின் வெற்றிக்காகவே நடக்கும் ஒரு வீட்டில், மருமகளால் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா? மாமியார் குடிக்கிறேன் என்று சொன்னபிறகு? மருத்துவ ஆய்வில் பங்கேற்பவரிடம் ஆபத்துகளை விளக்கி, வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது 20-ம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில்தான் நடைமுறைக்கு வந்தது. காயேவின் மனதில் என்ன இருந்தது என்பதற்கு அவர் கைப்பட எழுதிய சாட்சி எதுவும் நம்மிடம் இல்லை.

அந்த மௌனத்தைத்தான் 1966-ல் ஒரு நாவலாசிரியை கையில் எடுத்தார். அதே வகாயாமாவில் பிறந்த அரியோஷி சவாகோ. அவர் எழுதிய டாக்டரின் மனைவி என்ற நாவலில், மாமியாரும் மருமகளும் ஒரே ஆணின் அன்புக்காகவும் வீட்டில் தங்கள் இடத்துக்காகவும் போட்டி போட்டுக்கொண்டு விஷக் கோப்பையை நோக்கிக் கையை நீட்டுகிறார்கள். இரண்டு பெண்களும் இப்படி மோதிக்கொள்வதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்து, அதிலிருந்து முழுப் பயனையும் எடுத்துக்கொள்கிறார் மகன். அடுத்த ஆண்டே மசுமுரா யாசுசோ இயக்கத்தில் சினிமாவாகவும் வந்தது. போட்டி, பொறாமை எல்லாம் நாவலாசிரியையின் கற்பனை. ஆனால் ஜப்பான் முழுக்க ஹனவோகாவின் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்ததே இந்த நாவலுக்குப் பிறகுதான். இன்றும் பல ஜப்பானியருக்கு அவரைவிட காயேவைத்தான் முதலில் ஞாபகம் வரும்.

காயே 1829 வரை வாழ்ந்தார். கணவரின் வைத்தியசாலை புகழின் உச்சிக்குப் போன ஆண்டுகள் அனைத்தையும் அவர் பார்க்காமல், கேட்டே தெரிந்துகொண்டார்.

அந்த நாள்

திரும்ப கானிடம் வருவோம். வந்த உடனே ஆபரேஷன் நடக்கவில்லை. அவருக்கு ஆஸ்துமா இருந்தது, பெரிபெரியும் இருந்தது. முதலில் அவற்றுக்கு மருந்து கொடுத்து உடம்பைத் தேற்றினார் ஹனவோகா. மயக்கம் கொடுக்கும் முன் நோயாளி அதைத் தாங்குவாரா என்று பார்ப்பது இன்றைய மயக்கவியல் மருத்துவரின் முதல் வேலை. அதைத்தான் அவர் அன்று செய்தார்.

ஜப்பானிய பழைய நாட்காட்டிப்படி பத்தாம் மாதம் 13-ம் தேதி. கான் கஷாயத்தைக் குடித்தார். இந்த மருந்து ஊசி போட்டதும் கண் செருகும் ரகம் இல்லை. வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். பிறகு அளவைப் பொறுத்து ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு முழு நாள் வரை நினைவு திரும்பாது. கான் அசைவில்லாமல் போனதும் ஹனவோகா மார்பைக் கீறினார். மார்பு முழுவதையும் எடுக்கவில்லை, கட்டியை மட்டும் சுற்றியிருந்த தசையிலிருந்து பிரித்து வெளியே எடுத்தார். காயத்தை ஷோச்சூ என்ற காய்ச்சி வடித்த மதுவால் கழுவினார். கிருமி என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில்.

கான் கண் விழித்தார். வலி எதுவும் நினைவில் இல்லை. சில வாரங்களில் காயம் ஆறி ஊர் திரும்பினார். மார்பில் கத்தி பட்டால் பெண் செத்துப்போவாள் என்ற நம்பிக்கை அன்றோடு உடைந்தது.

இதன் அருமை புரிய, ஏழு ஆண்டு கழித்துப் பாரிஸில் நடந்ததைப் பார்க்கலாம். 1811 செப்டம்பர் 30. ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னிக்கு மார்பகத்தில் கட்டி. நெப்போலியனின் ராணுவ அறுவை மருத்துவர் லாரே, அன்றைய ஐரோப்பாவின் முதல்தர கைகளில் ஒருவர், அவருக்கு வீட்டிலேயே அறுவை சிகிச்சை செய்தார். மயக்கம் என்ற பெயரில் கிடைத்தது ஒரு கோப்பை மது மட்டும். முகத்தில் போட்ட மெல்லிய துணி வழியாகக் கத்தியின் பளபளப்பு தெரிந்தது. கத்தி எலும்பைச் சுரண்டியதுவரை எல்லாம் உணர்ந்தார். அதைத் தன் சகோதரிக்குக் கடிதமாக எழுத அவருக்கு மாதக்கணக்கில் ஆனது. எழுதியதைத் திரும்பப் படிக்கவே முடியவில்லை. அவர் அதன்பின் 29 ஆண்டு உயிரோடு இருந்தார் என்பது வேறு விஷயம். அவருடைய கட்டி உண்மையில் புற்றுதானா என்ற சந்தேகமும் இன்றுவரை உண்டு.

கானுக்கு அத்தனை ஆண்டுகள் கிடைக்கவில்லை. அறுவை முடிந்து ஏறக்குறைய நான்கரை மாதத்தில் இறந்துபோனார். ரொம்ப காலமாக இந்த அறுவை நடந்தது 1805 என்றுதான் புத்தகங்கள் சொல்லிவந்தன. மயக்கவியல் மருத்துவரும் வரலாற்று ஆய்வாளருமான மட்சுகி அகிதோமோ, கானின் இறப்புப் பதிவைத் தேடிப் பிடித்தார். 1805-ன் இரண்டாம் மாதத்திலேயே கான் காலமாகியிருந்தார். அப்படியென்றால் அதே ஆண்டின் பத்தாம் மாதத்தில் அவருக்கு எப்படி ஆபரேஷன் நடந்திருக்கும்? ஆண்டு 1804 என்று திருத்தப்பட்டது இப்படித்தான்.

வரிசையாக வந்த பெண்கள்

செய்தி பரவியது. மார்பில் கட்டியை மறைத்து வைத்திருந்த பெண்கள் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஹிராயாமாவுக்குக் கிளம்பினார்கள். ஹனவோகாவின் வைத்தியசாலையில் மார்பகப் புற்று நோயாளிகளுக்கென்றே தனிப் பதிவேடு ஒன்று வைத்திருந்தார்கள். அதில் 150-க்கும் மேல் பெயர்கள். அறுவைக்குப் பின் எத்தனை நாள் வாழ்ந்தார்கள் என்று தெரியவந்தவர்களின் கணக்கைப் பார்த்தால், மிகக் குறைவு 8 நாள், மிக அதிகம் 41 ஆண்டு, சராசரி சுமார் 3 ஆண்டு 7 மாதம். கீமோ இல்லை, ரேடியேஷன் இல்லை, ஸ்கேன் இல்லை. கட்டி கண்ணுக்குத் தெரியும் அளவு வளர்ந்தபிறகு வந்தவர்களே அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கீ மாகாணத்தை ஆண்ட தோகுகாவா பிரபு அவரை அரண்மனை வைத்தியராக அழைத்தார். ஹனவோகா பதவியை ஏற்றாலும் கோட்டைக்குக் குடிபோகவில்லை. கிராமத்திலேயே இருந்து சாதாரண ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு, குறிப்பிட்ட நாட்களில் மட்டும் கோட்டைக்கு வந்துபோகும் ஏற்பாட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டோடு சேர்ந்திருந்த அவருடைய பள்ளிக்கு ஷுன்ரின்கென் என்று பெயர். அங்கே படித்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். மார்பகப் புற்று மட்டுமல்ல, உதட்டுப் பிளவு, சிறுநீர்ப்பைக் கல், அழுகிய கைகால்களை நீக்குவது என்று பலவற்றை அங்கே கற்றார்கள். சேரும்போது ஒரு நிபந்தனை. கற்ற ரகசியத்தைப் பெற்றோரிடமும் சொல்லக் கூடாது என்று ரத்தம் தொட்டு உறுதிமொழி. கைதேராதவன் கையில் ஊமத்தையும் வசநாபியும் கிடைத்தால் கொலைதான் நடக்கும் என்பது ஒரு நியாயமான பயம். பரம்பரைத் தொழில் ரகசியத்தைக் காப்பது அன்றைய வழக்கமும்கூட. நம்மூர் வைத்தியப் பரம்பரைகளுக்கும் இது தெரியாத சங்கதி இல்லை. ஆனால் விளைவு என்ன? ஹனவோகா தானே எதையும் அச்சில் வெளியிடவில்லை. அவர் சொன்னவை மாணவர்களின் கையெழுத்துக் குறிப்புகளாகவே சுற்றின. ஹொன்மா சோகென் என்ற மாணவர் குரு மறைந்தபின் இந்த முறைகளைப் புத்தகமாகவே போட, பள்ளி அவரைத் தள்ளிவைத்தது என்று சொல்வார்கள். நாடே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நிலையில், கடல் தாண்டி ஒரு வார்த்தைகூடப் போகவில்லை. பாஸ்டனில் மார்ட்டனுக்கு ஹனவோகாவைத் தெரியாது. அவரால் இவருக்குப் பாதகமில்லை, இவரால் அவருக்குப் பயனும் இல்லை.

ஹனவோகா 1835-ல் இறந்தார். சில பத்தாண்டுகளில் ஈதரும் குளோரோஃபார்மும் ஜப்பானுக்கு வந்துசேர, சூசென்சான் மெல்ல மறைந்தது. அதில் நியாயம் உண்டு. முகரவைக்கும் மருந்தை வேண்டும்போது கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். குடித்துவிட்ட கஷாயத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

இன்று அந்த மூலிகைகள் எங்கே?

ஹனவோகாவின் மயக்க மருந்தை இன்று யாரும் கொடுப்பதில்லை. அவருடைய வேறு இரண்டு மருந்துகள் மட்டும் இன்னும் ஜப்பான் மருந்துக் கடைகளில் இருக்கின்றன. ஒன்று ஷியுன்கோ. மிங் காலத்துச் சீன அறுவை நூல் ஒன்றில் இருந்த களிம்பை அவர் மாற்றியமைத்தது. நல்லெண்ணெய், தேன்மெழுகு, ஊதா நிறம் தரும் ஒரு வேர் எல்லாம் சேரும். தீக்காயம், வெடிப்புக்குத் தடவுவார்கள். மற்றது ஜூமிஹைதோகுதோ, தோல் நோய்களுக்கான கஷாயம். சீன வேர் கொண்ட இந்த மருத்துவ முறைக்கு ஜப்பானில் கம்போ என்று பெயர். 148 கம்போ கலவைகளுக்கு அரசு மருத்துவக் காப்பீடே பணம் தருகிறது.

சீனா, தைவான், ஹாங்காங், ஜப்பான் என்று எங்கு பார்த்தாலும் இன்றும் மார்பகப் புற்று வந்த பெண்கள் பலர் கீமோவோடு சேர்த்து மூலிகைக் கஷாயமும் குடிக்கிறார்கள். தைவானில் சீன மருத்துவமும் தேசியக் காப்பீட்டுக்குள் வருகிறது. அங்கே இந்த நோயாளிகளுக்கு அதிகம் எழுதித் தரப்படும் கலவைகளில் ஒன்று ஜியாவெய் ஷியாவ்யாவ் சான். அடக்கி வைத்த துக்கத்தையும் கோபத்தையும் கரைப்பதாகச் சொல்லப்படும் அதே பழைய வரிசை மருந்து. ஜூ தன்ஷி இன்னும் போகவில்லை! பெண்கள் இதை நாடுவதற்கான காரணம் பெரும்பாலும் கட்டி கரையும் என்பதல்ல. சோர்வு, குமட்டல், தூக்கமின்மை, ஹார்மோன் மாத்திரையால் வரும் உடல் சூடு. ஆஸ்பத்திரியில் இதெல்லாம் சகஜம்மா என்று கடந்துபோகும் தொல்லைகள்.

பலன் உண்டா? கீமோவின் பக்கவிளைவுகளுக்குச் சீன மூலிகை உதவுமா என்று 2007-ல் காக்ரேன் அமைப்பு ஆராய்ந்தபோது கிடைத்தது 7 ஆய்வுகள், 542 பெண்கள். கொஞ்சம் உதவலாம் என்ற அறிகுறி தெரிந்தது. ஆனால் ஆய்வுகளின் தரம் பலவீனம், உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே முடிவு. எதிர்ப்பக்கத்தில் எச்சரிக்கையும் உண்டு. ஹனவோகாவின் கஷாயத்தில் சேர்ந்த ஏஞ்சலிகா வேரின் நெருங்கிய உறவு, சீனாவில் டாங்குய். பெண்களுக்கான மருந்து என்றே பெயர் பெற்றது. மார்பகப் புற்று செல்களை அது ஆய்வகத்தில் வளரத் தூண்டியதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆய்வகத் தட்டில் நடப்பதெல்லாம் உடம்பில் நடக்கும் என்று இல்லை. இருந்தாலும் ஈஸ்ட்ரோஜனைச் சார்ந்து வளரும் புற்று உள்ளவர்கள் டாங்குய்யைத் தவிர்ப்பது நல்லது என்று புற்றுநோய் மையங்கள் சொல்கின்றன. அது ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளோடும் மோதும். கஷாயம் குடிக்கிறவர் அதைப் புற்றுநோய் மருத்துவரிடம் மறைத்தால் இதெல்லாம் தெரியாமலேயே போய்விடும்.

ஹிராயாமாவில் ஷுன்ரின்கென் இருந்த இடம் பழையபடி சீரமைக்கப்பட்டு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. ஜப்பான் மயக்கவியல் மருத்துவர் சங்கத்தின் சின்னத்தில் ஒரு ஊமத்தைப் பூ. 1952-ல் பன்னாட்டு அறுவை மருத்துவர் கல்லூரி ஹனவோகாவைச் சிகாகோவில் உள்ள தன் மாமனிதர்கள் வரிசையில் சேர்த்தது. அந்த மார்பகப் புற்றுப் பதிவேட்டில் முதலில் வருவது கான். ஆனால் அங்கே அவர், கோஜோ ஊர் ஐயா ரிஹேயின் தாய். ஐயா என்பது நம்மூர் மரியாதைச் சொல் இல்லை. நீலச்சாயக் கடை என்று பொருள்படும் அந்தக் குடும்பத்தின் கடைப்பெயர்.